கால் அங்குலம்

சினை மாட்டின் வயிற்றைத் திறந்து மூடிய
அதே இடுக்கியால்தான்
இந்தப் போர்வையின் ஊசியையும் இழுக்கிறேன்.
கொதிநீரில் போட்டு எடுத்ததுதான், முகம் சுளிக்காதே.
மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி:
மூன்றையும் துளைத்து வருகையில்
விரலுக்கு வழுக்கும் ஊசி
இடுக்கியின் பல்லுக்கு வழுக்குவதில்லை.
அங்குஸ்தான் மாட்டிப் பார்த்தேன்,
அது மேசையடியில் உருண்டு
நாயின் சொத்தாகிவிட்டது.

மொன்டானாவில் பிப்ரவரி.
பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது.
கன்று ஈனும் பருவம் தொடங்கி ஒரு வாரம்.
தொலைபேசி சும்மா கிடக்கும் நேரங்களில்
நான் நீலத்தை வெட்டி
வெள்ளையோடு சேர்க்கிறேன்.

மாடு மன்னிக்கும் என்று சொல்லித் திரிந்தேன்.
தையல் சற்றுக் கோணினாலும்
தோல் தானே நகர்ந்து வந்து கூடிக்கொள்ளும்.
பருத்திக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.
ஓரத்தில் கால் அங்குலம் விடச் சொன்னால்
கால் அங்குலம்தான்.
நான் ஒரு நூல் கூட விட்டேன்.
ஒரு நூல்தானே!
நாற்பது தையல் தாண்டியபோது
போர்வை இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.
அளந்து வெட்டிய கரைப்பட்டி
அண்ணன் சட்டையைப் போட்ட தம்பியின் கைபோல்
நீண்டு தொங்கியது.

படம் எடுத்துக் கோராவுக்கு அனுப்பினேன்.
கோரா ட்விட், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
சந்தைப் போட்டியில் மூன்று வருடமாய் என்னை முந்துகிறவள்.
ஒரே சொல்லில் பதில் வந்தது: பிரி.

தையல் பிரிக்கும் முள்ளுக்கு இரண்டு கொம்பு.
ஒன்றில் கூர், மற்றதில் சிவப்பு மணி.
மணி அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.
அது துணியைக் குத்தாமல் சறுக்கிப் போவதற்காம்.
பதினோரு வருடம்
தலைகீழாகப் பிடித்திருக்கிறேன்.

வேறென்ன கற்றேன்?
இஸ்திரிப் பெட்டியை இழுக்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும்.
விரலில் குத்தி வெள்ளையில் ரத்தம் பட்டால்
குத்துப்பட்டவளின் எச்சில்தான் மருந்து,
அடுத்தவர் எச்சில் அவ்வளவு கேட்காது என்கிறாள் கோரா.
(சோதித்துப் பார்க்க வெர்ன் ஒத்துக்கொள்ளவில்லை.)
அந்த வெர்ன்தான்
என் துணிக்கத்தரியால் தீவன மூட்டையின் வாயை வெட்டினான்.
கல்யாணச் சத்தியத்தில் இது இல்லையே என்கிறான்.
இப்போது இருக்கிறது.

செவ்வாய் இரவு ஹால்வர்சன் கூப்பிட்டார்.
முதல் ஈற்றுக் கிடாரி. கன்று பெரிது.
கொட்டகையில் விளக்கை அவர் மகன் பிடித்தான்,
அவன் கை நடுங்க வெளிச்சமும் நடுங்கியது.
கன்றை உயிரோடு எடுத்தேன்.
கருப்பையை மூடும்போது விரல் மரத்திருந்தது.
ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் நடுவே
கொஞ்சம் இடம் கூடிவிட்டது.
கொஞ்சம்தான்.

வியாழக்கிழமை கிடாரி எழவில்லை.

தையலாகவும் இருக்கலாம், காய்ச்சலாகவும் இருக்கலாம்,
யார் கண்டார் என்றார் ஹால்வர்சன்.
கட்டணத்தை எண்ணிக் கையில் வைத்தார்.
காபி குடிக்கிறாயா என்றும் கேட்டார்.
அதற்குமேல் அந்தக் கொட்டகையில்
எனக்குப் பிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
போர்வையை மடியில் இழுத்துப் போட்டேன்.
மணி கீழே, கூர் மேலே.
நாற்பது தையல்.
ஒவ்வொன்றும் சின்னதாய் முனகி விட்டுக்கொடுத்தது.
பிரித்த இடமெல்லாம் ஊசித்துளை வரிசை,
தண்ணீர் தெளித்து நகத்தால் நீவினேன்,
இழைகள் மெல்ல நெருங்கின.
வெர்ன் எழுந்து வந்து பார்த்தான்.
ஒன்றும் கேட்காமல்
என் கத்தரியை அதன் உறையில் வைத்துவிட்டுப் போனான்.

விடியுமுன் தொலைபேசி.
மறுபடி ஹால்வர்சன்; மறுபடி ஒரு கிடாரி.
வேறு மருத்துவரைக் கூப்பிட்டிருக்கலாம் அவர்,
அறுபது மைலில் ஒருவர் இருக்கிறார்.

கொட்டகையில் தோள்வரை நீளும் கையுறையை
மாட்டும்போது பார்த்தேன்,
முழங்கைக்கு மேல் சட்டையில்
நீல நூல் ஒன்று ஒட்டியிருந்தது.
எடுக்க நேரமில்லை.
கன்றின் குளம்பு
வெளியே தெரிந்தது.